கெர்னலில் வேகத்துக்காக எழுதிய வரிக்குக் குறிப்பு எழுதும் முறை

லினக்ஸ் கெர்னலில் வேகத்துக்காக ஒரு இடத்தை வளைத்து எழுதினால், அடுத்துப் படிப்பவர் கேட்கும் முதல் கேள்வி "இதை நேராகவே எழுதியிருக்கலாமே?" என்பதுதான். விடை அந்த வரிக்குப் பக்கத்தில் இல்லையென்றால் இரண்டில் ஒன்று நடக்கும். சுத்தம் செய்கிறேன் என்று யாராவது அதை நேராக்கிவிடுவார், வேகம் போய்விடும். அல்லது தொடப் பயந்து எல்லோரும் ஒதுங்கிப் போவார்கள். எந்த பிராசசருக்காக அது எழுதப்பட்டதோ அது காயலான் கடைக்குப் போன பிறகும் வரி மட்டும் இருக்கும். அதிகச் சேதம் செய்வது இந்த இரண்டாவதுதான். அதனால் ஆப்டிமைசேஷனுக்கு (வேகத்துக்காகச் செய்யும் மாற்றத்துக்கு) எழுதும் குறிப்பில் கட்டாயம் இருக்க வேண்டியது, அதை எப்போது எடுத்துவிடலாம் என்ற வரி. மற்றதெல்லாம் அதற்குத் துணை.

துறைமுக கேட், எடை மேடை, எண்ணூர், மணலி ஆலைகளின் நுழைவாயில் போன்ற இடங்களில் ஓடும் ஆர்ம் போர்டுகளுக்கு டிரைவர் எழுதுபவர்களுக்கும், பெரம்பூரிலோ தண்டையார்பேட்டையிலோ வீட்டில் லேப்டாப்பை வைத்துக் கெர்னல் கம்பைல் செய்து பழகுபவர்களுக்கும் இது எழுதப்பட்டது. சி மொழியும் கிட்டும் தெரியும் என்று வைத்துக்கொள்கிறோம்.

ஒரு பழைய பாடம்

கெர்னலின் லிங்க்டு லிஸ்ட் மேக்ரோக்களில் பல ஆண்டுகள் ப்ரீஃபெட்ச் இருந்தது. ஒரு நோடைப் பார்க்கும்போதே அடுத்த நோடை மெமரியிலிருந்து வரவழைத்துவிடலாம் என்பது எண்ணம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கெர்னலில் பெரும்பாலான லிஸ்ட்கள் குட்டையானவை. ஹேஷ் லிஸ்டின் கடைசி நோடில் அடுத்த முகவரி வெறும் நல். அதை ப்ரீஃபெட்ச் செய்யப் போனால் டிஎல்பி (மெமரி முகவரிகளை மாற்றித் தரும் சிறு கேஷ்) மிஸ் ஆகி, மிச்சப்படுத்துவதைவிட வீணாவதே அதிகம். போதாததற்கு, புதிய பிராசசர்கள் தாமாகவே முன்கூட்டி வாசிக்கக் கற்றுவிட்டன. 2011-இல் அந்த ப்ரீஃபெட்ச்கள் லிஸ்ட் மேக்ரோக்களிலிருந்து எடுக்கப்பட்டன.

"நீளமான லிஸ்டில், இன்ன பிராசசரில் அளந்தது, லிஸ்ட் குட்டையானால் பயனில்லை" என்று தொடக்கத்திலேயே ஒரு வரி பக்கத்தில் இருந்தால், அதைச் சரிபார்க்கும் வேலை யாருக்கும் எளிது. உங்கள் ஒவ்வொரு ஆப்டிமைசேஷனுக்கும் அப்படி ஒரு வரி வேண்டும்.

எழுதும் முன் அளப்பது

அளக்காமல் குறிப்பு எழுத முடியாது. நம் பக்கத்தில் அளவைக் கெடுப்பதில் முதல் ஆள் வெயில். அக்னி நட்சத்திர நாட்களில் ஷீட் போட்ட மாடி அறையில் லேப்டாப்பை வைத்து ஒரு மணி நேரம் ஓட்டினால், சூடு ஏறி பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பழைய நிரலைக் காலையில் பத்து முறை ஓட்டிவிட்டு, புதிய நிரலை மதியம் பத்து முறை ஓட்டினால், நீங்கள் அளந்தது நிரலை அல்ல, அறையின் சூட்டை.

இதற்கு மருந்து வரிசையை மாற்றுவது. பழையது ஒரு முறை, புதியது ஒரு முறை, மறுபடி பழையது, மறுபடி புதியது என்று மாற்றி மாற்றி ஓட்டுங்கள். சூடு இரண்டுக்கும் சமமாகப் பங்காகும். கெர்னலையே மாற்றி ரீபூட் செய்ய வேண்டியிருந்தால் இது சலிப்பான வேலைதான், ஆனாலும் குறுக்கு வழி இல்லை. முடிந்தால் அந்த மாற்றத்தை மட்டும் ஒரு மாட்யூலில் வைத்து, ரீபூட் இல்லாமல் மாற்றிப் பாருங்கள்.

இன்டெல் கணினியில் சிஸ்எஃப்எஸ்ஸில் (/sys அடைவில்) ஒவ்வொரு சிபியுவின் கீழும் தெர்மல்-த்ராட்டில் என்ற அடைவு இருக்கும். அதில் கோர் த்ராட்டில் கவுன்ட்டை ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் பாருங்கள். எண் ஏறியிருந்தால் அந்த ஓட்டத்தைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். ராஸ்பெர்ரி பை 4-இல் 80 டிகிரி செல்சியசைத் தொட்டதும் வேகம் குறையத் தொடங்கும். விசி-ஜென்-சிஎம்டி கருவியில் கெட்-த்ராட்டில்டு கேட்டால் பூஜ்யம் வர வேண்டும். வேறு எண் வந்தால் சூடு காரணமாக இருக்கலாம், மின்னழுத்தம் குறைந்ததும் காரணமாக இருக்கலாம். கடையில் வாங்கிய மெல்லிய யுஎஸ்பி கேபிளில் போர்டுக்குப் போகும் மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினாலே எச்சரிக்கை பதிவாகும். தடிமனான கேபிளை மாற்றிவிட்டு, போர்டை ரீபூட் செய்து மறுபடி பாருங்கள். பழைய எச்சரிக்கை பிட்டுகள் ரீபூட் வரை அப்படியே நிற்கும் என்பதால், ரீபூட் செய்யாமல் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

பிறகு: சிபியு கவர்னரை (பிராசசர் வேகத்தை முடிவு செய்யும் பகுதியை) பர்ஃபாமன்ஸில் வையுங்கள், டர்போவை அணையுங்கள், டாஸ்க்செட்டில் ஒரு கோரில் கட்டிப்போடுங்கள். பெர்ஃப் ஸ்டாட் என்ற அளக்கும் கருவியை குறைந்தது 10 முறை திரும்ப ஓடச் சொல்லுங்கள். முடிவில் அது பிளஸ்-மைனஸ் சதவீதம் காட்டும். உங்கள் ஆதாயம் அந்தச் சிதறலைவிடச் சிறியதாக இருந்தால் ஆதாயமே இல்லை என்று எடுத்துக்கொண்டு பேட்சை விட்டுவிடுங்கள். விர்ச்சுவல் மெஷினில் ஹார்டுவேர் கவுன்ட்டர்கள் பல சமயம் கிடைக்காது. அங்கே சைக்கிள் எண்ணிக்கை பற்றி எதுவும் எழுத வேண்டாம்.

குறிப்பில் என்ன இருக்க வேண்டும்

ஒரு உதாரணத்தைக் கிட்டத்தில் பார்ப்போம். கேட்டில் உள்ள கார்டு ரீடரின் டிரைவரில் ஒரு ரிங் பஃபர் (சுற்றிச் சுற்றி நிரப்பும் வரிசை) இருக்கிறது. இன்டரப்ட் ஹேண்ட்லர் ஒரு கோரில் உட்கார்ந்து ப்ரொட்யூசர் எண்ணை ஏற்றுகிறது. த்ரெட் ஒன்று இன்னொரு கோரில் வாசித்து கன்ஸ்யூமர் எண்ணை ஏற்றுகிறது. இரண்டு எண்ணும் அடுத்தடுத்து 4 பைட், 4 பைட் என்று இருந்தால் ஒரே 64 பைட் கேஷ் லைனில் (கேஷ் மெமரியை ஒரே தடவையில் எடுக்கும் துண்டில்) விழும். ஒருவர் எழுதும் ஒவ்வொரு முறையும் அடுத்தவர் கையில் உள்ள லைன் செல்லாததாகிவிடும். இரண்டு கோரும் ஒரே தரவைத் தொடாமலேயே ஒன்றுக்கொன்று இடைஞ்சல் செய்யும். ஃபால்ஸ் ஷேரிங் என்பது இதுதான். கேஷ்லைன்-அலைன்டு மேக்ரோவைப் போட்டு இரண்டையும் பிரிக்கிறோம். அதற்கான கமென்ட் இப்படி இருக்கலாம். பொதுக் கெர்னலுக்கு அனுப்பும்போது ஆங்கிலத்தில் எழுத வேண்டும், இங்கே புரிவதற்காகத் தமிழில்:

/*
 * ப்ரொட்யூசரும் கன்ஸ்யூமரும் வேண்டுமென்றே தனித்தனி கேஷ் லைனில்.
 * நேர் வடிவம்: இரண்டு 32-பிட் எண்கள் அடுத்தடுத்து, மொத்தம் 8 பைட்.
 * ஏன்: இன்டரப்ட்டும் ரீடர் த்ரெட்டும் வெவ்வேறு கோரில் எழுதுகின்றன.
 * விலை: 8 பைட் 128 பைட் ஆகிறது. போர்டுக்கு ஒரே ஒரு ரிங்.
 * அளந்தது: கார்டெக்ஸ்-ஏ72, 4 கோர். எண்கள் கமிட் மெசேஜில்.
 * எடுக்கலாம்: இரண்டு பக்கமும் ஒரே கோருக்கு வந்தால், அல்லது
 * ரிங்குகள் நூற்றுக்கணக்கில் பெருகினால்.
 */

ஏழெட்டு வரிதான். "நேர் வடிவம்" என்ற வரி இருப்பதால், எடுப்பவர் எதற்குத் திரும்ப வேண்டும் என்று தேட வேண்டாம். "விலை" என்ற வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பின்னால் கையைக் கடிப்பதும் அதுதான். நாளைக்கு யாராவது இதே ஸ்ட்ரக்ட்டை ஒரு சேனலுக்கு ஒன்று என்று 1000 ரிங்குகளுக்கு எடுத்தாள்வார். அப்போது கூடுதலாகப் போவது 1,20,000 பைட். ராஸ்பெர்ரி பை 4-இல் நான்கு கோருக்கும் பொதுவான எல்2 கேஷே 1 எம்பிதான். அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வெற்றிடத்துக்கே போய்விடும். அந்த எச்சரிக்கை "எடுக்கலாம்" வரியில் ஏற்கெனவே இருக்கிறது.

ஸ்ட்ரக்ட்டின் உண்மையான அமைப்பை பாஹோல் கருவி காட்டும். எந்த மெம்பர் எந்த லைனில், எங்கே ஓட்டை என்று அதைப் பார்த்த பிறகே கமென்ட்டை எழுதுங்கள், மனக்கணக்கு வேண்டாம். ஃபால்ஸ் ஷேரிங் நடக்கிறதா என்று பார்க்க பெர்ஃப் சி-டு-சி இருக்கிறது. ஆனால் அதற்கு ஹார்டுவேர் உதவி வேண்டும், கார்டெக்ஸ்-ஏ72-இல் அது கிடையாது. அந்தப் போர்டில் நேரத்தை அளந்துதான் காட்ட முடியும். அதையும் கமிட் மெசேஜில் சொல்லிவிடுங்கள்.

கமென்ட்டில் எண்களைத் திணிக்க வேண்டாம். "18 சதவீதம் வேகம்" என்பது போன்ற ஒரு எண் ஸோர்ஸ் கோப்பில் போய் உட்கார்ந்தால், சுற்றியுள்ள நிரல் மாறிய பிறகும் அங்கேயே இருந்து எல்லோரையும் ஏமாற்றும். கமிட் மெசேஜ் ஒரு தேதியோடு கட்டப்பட்டது. அதில் எண் இருந்தால், அன்றைக்கு அது உண்மை என்ற அளவில் நிற்கும்.

மெமரி பேரியர்

பேரியர் என்பது, மெமரியில் எழுதுவதும் வாசிப்பதும் வரிசை மாறாமல் தடுப்பது. எந்த ஆப்டிமைசேஷனைவிடவும் குறிப்பு அவசியமான இடம் இது. லாக் போடாமல் ரிங் பஃபரை ஓட்டும்போது, ப்ரொட்யூசர் முதலில் ஸ்லாட்டில் தரவை எழுதி, பிறகு எண்ணை ஸ்டோர்-ரிலீஸ் மூலம் வெளியிடுகிறது. கன்ஸ்யூமர் அந்த எண்ணை லோட்-அக்வயர் மூலம் வாசித்துவிட்டு ஸ்லாட்டைத் தொடுகிறது. இந்த இரண்டும் ஜோடி. ஒன்றை எடுத்தால் மற்றதற்கு அர்த்தமே இல்லை.

கமென்ட்டில் ஜோடி யார் என்று ஃபங்ஷன் பெயரோடு இருக்க வேண்டும். வரி எண்ணைப் போடாதீர்கள், அடுத்த பேட்ச்சிலேயே நகர்ந்துவிடும். மெமரியில் எழுதியவற்றில் எது எதற்கு முன் தெரிய வேண்டும் என்பதும் வேண்டும்: "ஸ்லாட்டின் தரவு, எண் ஏறுவதற்கு முன் மற்ற கோருக்குத் தெரிய வேண்டும், ஜோடி: ரீடர் ஃபங்ஷனில் உள்ள அக்வயர்". இந்த இரண்டு விஷயமும் இரண்டு முனையிலும் இருக்க வேண்டும். கமென்ட் இல்லாத பேரியரைக் கண்டால் கெர்னலின் செக்பேட்ச் ஸ்கிரிப்ட்டே எச்சரிக்கும். அதை வாயடைக்க "மெமரி பேரியர்" என்று மட்டும் எழுதி வைப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்வதைவிட எச்சரிக்கையை அப்படியே விடுவது மேல், ரிவ்யூ செய்பவர் கண்ணிலாவது படும்.

ஏன் இவ்வளவு வற்புறுத்தல்? எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி) பிராசசரில் ஒரு கோர் மெமரியில் எழுதுபவை மற்ற கோர்களுக்கு வரிசை மாறாமலே தெரியும். அங்கே ஸ்டோர்-ரிலீஸ் என்பது கம்பைலரைக் கட்டுப்படுத்துவதோடு சரி, பிராசசருக்கென்று தனி இன்ஸ்ட்ரக்‌ஷன் எதுவும் வராது. ஆகவே ஒருவர் லேப்டாப்பில் பேரியரை எடுத்துவிட்டு நாள் முழுக்க சோதித்தாலும் எல்லாம் சரியாகவே ஓடக்கூடும். அதே நிரல் ஆர்ம் போர்டுக்குப் போனால், என்றோ ஒரு நாள், எண் ஏறிவிட்டிருக்கும் ஆனால் ஸ்லாட்டில் பழைய தரவு இருக்கும். கேட்டில் ஒரு லாரிக்கு முந்தைய லாரியின் கார்டு எண் பதிவாகும். மேசையில் உட்கார்ந்து அதைத் திரும்ப வரவழைப்பது மிகக் கடினம். "எக்ஸ்86-இல் சோதித்தால் தெரியாது, ஆர்மில் சோதிக்க வேண்டும்" என்ற வரியையும் கமென்ட்டில் சேருங்கள். ஜோடி இல்லாத வாசிப்புகளைப் பிடிக்க கேசிசேன் (கோர்களுக்கு இடையிலான தரவு மோதலைக் கண்டுபிடிக்கும் கெர்னல் கருவி) போட்டுக் கம்பைல் செய்து ஓட்டுங்கள்.

கிளைகளும் ஃபங்ஷன் பாயின்ட்டர்களும்

லைக்லி, அன்லைக்லி மேக்ரோக்களுக்குப் பின்னால் கம்பைலரின் எக்ஸ்பெக்ட் வசதி இருக்கிறது. ஜிசிசி அதை இயல்பாக 90 சதவீத வாய்ப்பாக எடுத்துக்கொள்கிறது. ஆகவே 60-க்கு 40 என்று பிரியும் கிளைக்கு இதைப் போடக் கூடாது. எரர் பாதைக்குப் போட்ட அன்லைக்லிக்குக் கமென்ட் தேவையில்லை, பார்த்தாலே தெரியும். மற்ற இடங்களில் "இந்த வேலைச்சுமையில் இந்தப் பக்கம்தான் அதிகம்" என்று ஒரு வரி வேண்டும். சரிபார்க்க, அனோட்டேட்டட் பிராஞ்ச் ப்ரொஃபைலிங் என்ற கான்ஃபிக்கை இயக்கிக் கம்பைல் செய்தால், ட்ரேஸ் புள்ளிவிவரங்களுக்குள் ஒவ்வொரு லைக்லியும் எத்தனை முறை சரி, எத்தனை முறை தப்பு என்று பட்டியல் வரும். அந்தக் கெர்னல் மெதுவாக ஓடும், அதில் நேரம் அளக்க வேண்டாம்.

ஸ்டாட்டிக் கீ (கெர்னல் ஓடும்போதே திருப்பக்கூடிய கிளை) போட்டால் அணைந்திருக்கும் கிளையின் செலவு ஒரு நோ-ஆப் இன்ஸ்ட்ரக்‌ஷன் மட்டுமே. ஆனால் கீயைத் திருப்புவது ஓடிக்கொண்டிருக்கும் நிரலையே திருத்தும் வேலை, எல்லா கோரையும் ஒத்திசைக்க வேண்டும். யார் திருப்புகிறார்கள், எவ்வளவு அடிக்கடி என்பதே இங்கே எழுத வேண்டிய விலை.

ஃபங்ஷன் பாயின்ட்டர் மூலம் அழைப்பது மலிவு என்று 2018-க்கு முன் எழுதிய குறிப்புகளை அப்படியே நம்பாதீர்கள். அந்த ஆண்டு ஜனவரியில் ஸ்பெக்டர், மெல்ட்டவுன் என்ற பிராசசர் பாதுகாப்புக் குறைகள் வெளியாகி, ஸ்பெக்டரைத் தடுக்க ரெட்போலின் என்ற கம்பைலர் உத்தி வந்தபின் எக்ஸ்86-இல் அந்த அழைப்பின் விலை ஏறியது. அதன் பிறகு நெட்வொர்க் பகுதியில், அடிக்கடி வரும் ஓரிரு ஃபங்ஷனா என்று முதலில் ஒப்பிட்டு நேரடியாக அழைக்கும் மேக்ரோக்கள் சேர்க்கப்பட்டன. இப்படிப்பட்டதை நீங்கள் பயன்படுத்தினால் "எடுக்கலாம்" வரியில் எழுத வேண்டியது: ரெட்போலின் தேவைப்படாத பிராசசர்களை மட்டுமே ஆதரிக்கும் நாள்.

இதே வகையில் இன்னொன்று, ஸ்பின் லூப்பில் போடும் பாஸ் இன்ஸ்ட்ரக்‌ஷன். இன்டெலின் முந்தைய தலைமுறைகளில் சுமார் 10 சைக்கிள் எடுத்தது, ஸ்கைலேக்கில் 140 வரை போனது. "100 முறை சுற்று" என்று எண்ணிக்கையால் எழுதிய லூப் ஒரே இரவில் பதினாலு மடங்கு நீண்டுவிட்டது என்று பொருள். எண்ணிக்கைக்குப் பக்கத்தில், எவ்வளவு நேரம் காத்திருக்க நினைத்தீர்கள் என்பதை மைக்ரோ செகண்டில் எழுதுங்கள்.

இன்லைன் அசெம்ப்ளி

அதே வேலையைச் செய்யும் சி வடிவத்தைத் தூக்கி எறியாதீர்கள். மற்ற ஆர்க்கிடெக்சருக்கான பொது வடிவமாக அது அங்கேயே இருக்கட்டும், அசெம்ப்ளிக்கு அதைவிட நல்ல விளக்கம் கிடையாது. கம்பைலர் எந்த இன்ஸ்ட்ரக்‌ஷனைத் தானாகத் தர மறுத்தது, எந்தக் கம்பைலர், எந்தப் பதிப்பு என்று எழுதுங்கள். க்ளாபர் பட்டியலில் (அசெம்ப்ளி எவற்றை மாற்றும் என்று கம்பைலருக்குச் சொல்லும் பட்டியலில்) "மெமரி" போட்டிருந்தால் ஏன் என்று எழுதுங்கள். அது இல்லாமலும் சரியாகக் கம்பைல் ஆகும், பதிப்பு மாறும்போதுதான் உடையும்.

"புதிய பிராசசர்களில் வேகம்" என்று எழுதுவது வெறும் பேச்சு. புதியது என்றால் எது? சிபியு ஃப்ளாக் பெயரை எழுதுங்கள். மெமரி காப்பியில் ரெப்-மூவ் இன்ஸ்ட்ரக்‌ஷன் நல்லதா என்பது ஈ-ஆர்-எம்-எஸ், எஃப்-எஸ்-ஆர்-எம் என்ற ஃப்ளாக்குகளைப் பொறுத்தது. ப்ராக்கில் (/proc அடைவில்) உள்ள சிபியு-இன்ஃபோ கோப்பில் அவை தெரியும். கெர்னல் பூட் ஆகும்போது ஆல்டர்நேட்டிவ் மேக்ரோ அவற்றைப் பார்த்துத்தான் சரியான வடிவத்தை ஒட்டுகிறது.

கம்பைலரே காவல் காக்கட்டும்

கமென்ட் பொய்யானால் யாருக்கும் தெரியாது, ஸ்டாட்டிக் அசெர்ட் (கம்பைலரே சரிபார்க்கும் நிபந்தனை) பொய்யானால் கம்பைலே ஆகாது. ஆகவே கமென்ட்டில் உள்ள எந்த வாக்கியத்தை ஸ்டாட்டிக் அசெர்ட்டாக மாற்ற முடியுமோ, அதை மாற்றுங்கள். மேலே சொன்ன ரிங்கில் இரண்டு எண்ணின் ஆஃப்செட்டும் ஒரே லைனில் இல்லை என்று ஒரு அசெர்ட் போடலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: கேஷ்லைன் மேக்ரோவின் எஸ்எம்பி (பல கோர்) வடிவம், ஒற்றை கோர் கெர்னலில் ஒன்றுமே செய்யாது. அசெர்ட்டையும் எஸ்எம்பி நிபந்தனைக்குள் வைக்காவிட்டால் அந்த பில்டு உடையும்.

கெர்னலின் நெட்வொர்க் பகுதி இதில் நல்ல முன்மாதிரி. லினக்ஸ் 6.8-இல், நெட்-டிவைஸ், டிசிபி சாக்கெட் போன்ற பெரிய ஸ்ட்ரக்ட்களுக்கு ஒவ்வொரு மெம்பரும் அனுப்பும் பாதையில் வாசிக்கப்படுகிறதா, பெறும் பாதையிலா என்று டாக்குமென்டேஷன் அடைவில் பட்டியல் வந்தது. கூடவே மெம்பர்களைக் குழுவாகக் கட்டி, குழு மாறினால் கம்பைலர் கத்தும்படி மேக்ரோக்களும் வந்தன. பட்டியலும் காவலும் சேர்ந்தே இருக்கின்றன. டஜன் கணக்கில் மெம்பர்கள் உள்ள ஸ்ட்ரக்ட் என்றால் இந்த முறையைப் பின்பற்றுங்கள். நாலைந்து மெம்பர் உள்ள டிரைவருக்கு கமென்ட்டும் ஒரு அசெர்ட்டும் போதும்.

கமிட் மெசேஜ்

கெர்னலின் பேட்ச் அனுப்பும் விதிமுறையே ஆப்டிமைசேஷனுக்கு எண் கேட்கிறது, வெளியில் தெரியாத செலவையும் சொல்லச் சொல்கிறது. ஆகவே: போர்டு, பிராசசர், கெர்னல் பதிப்பு, கம்பைலர் பதிப்பு, கவர்னர் நிலை, எந்தக் கட்டளையால் அளந்தீர்கள், எத்தனை முறை, முன், பின், சிதறல். வரி 75 எழுத்துக்குள். கட்டளையை முழுதாக ஒட்டுங்கள், படிப்பவர் அப்படியே ஓட்டிப் பார்க்க முடிய வேண்டும். எந்த வேலைச்சுமையில் மெதுவானது என்பதும் வேண்டும். மெதுவான இடமே இல்லை என்று தோன்றினால் தேடவில்லை என்றுதான் பொருள். லூப்பை விரித்து எழுதியிருந்தால் நிரல் பெருத்திருக்கும். ப்ளோட்-ஓ-மீட்டர் ஸ்கிரிப்ட் பழைய வி-எம்-லினக்ஸையும் (கம்பைல் ஆன கெர்னல் கோப்பையும்) புதியதையும் ஒப்பிட்டு எத்தனை பைட் கூடியது என்று சொல்லும், அந்த வரியையும் ஒட்டுங்கள்.

ஆங்கிலத்தில் எழுதுவது தடையாக இருந்தால், முதலில் "ஏன்", "விலை", "எடுக்கலாம்" மூன்றையும் டீமில் பேசுகிற தமிழிலேயே எழுதுங்கள். பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் கொடுத்து, நிரலைப் பார்க்காமல் புரிகிறதா என்று கேளுங்கள். பிறகு ஆங்கிலத்தில் சின்னச் சின்ன வாக்கியங்களாக மாற்றுங்கள். அழகான ஆங்கிலத்தை அங்கே யாரும் எதிர்பார்ப்பதில்லை.

திரும்பப் பார்ப்பதும் எடுப்பதும்

உங்கள் டிரைவர் முழுக்க "எடுக்கலாம்" என்ற வரிக்கு ஒரே சொல்லைப் பயன்படுத்துங்கள், க்ரெப் செய்தால் எல்லாம் ஒரே பட்டியலாக வர வேண்டும். கம்பைலரின் பெரிய பதிப்பு மாறும்போதும், போர்டு மாறும்போதும், புதிய எல்டிஎஸ் (நீண்ட கால ஆதரவு உள்ள) கெர்னலுக்கு நகரும்போதும் அந்தப் பட்டியலை எடுத்து உட்காருங்கள். ஒவ்வொன்றையும் ஒரு தனி பிராஞ்ச்சில் நேர் வடிவத்துக்கு மாற்றி, பழைய கமிட் மெசேஜில் உள்ள அதே கட்டளையால் அளந்து பாருங்கள். கார்டெக்ஸ்-ஏ53-லிருந்து ஏ72-க்குப் போகிறீர்கள் என்றால் பட்டியலில் பாதி சந்தேகத்துக்குரியது. ஏ53 இன்ஸ்ட்ரக்‌ஷன்களை வந்த வரிசையிலேயே ஓட்டுவது, ஏ72 தானே வரிசையை மாற்றி ஓட்டுவது. ஏ53-க்காகக் கையால் வரிசைப்படுத்தியது ஏ72-இல் பெரும்பாலும் வீண்.

குறிப்பே இல்லாத பழைய ஆப்டிமைசேஷன் கண்ணில் பட்டால் உடனே கை வைக்காதீர்கள். கிட் ப்ளேமில் தொடங்குங்கள். அது வெறும் இன்டென்ட் மாற்றிய கமிட்டில் போய் நின்றால், கிட் லாகின் பெரிய எஸ் (-S) விருப்பத்தில் அந்த மேக்ரோ பெயரைக் கொடுத்து முதலில் சேர்த்த கமிட் வரை போங்கள். காரணம் கிடைத்தால், எடுக்கும் முன் அதையே கமென்ட்டாக ஒரு தனி பேட்ச்சில் சேருங்கள்.

எடுக்கும் கமிட்டில் மூல கமிட்டின் ஹேஷில் 12 எழுத்தும் தலைப்பும் இருக்கட்டும். எந்த நிபந்தனை நிறைவேறியது, இன்றைய அளவு என்ன என்று எழுதுங்கள். கமென்ட்டையும், அதற்காகப் போட்ட அசெர்ட்டையும், டாக்குமென்டேஷன் பட்டியலில் உள்ள வரியையும் அதே கமிட்டில் எடுத்துவிடுங்கள். பேரியர் என்றால் ஜோடியின் இரண்டு முனையும் ஒரே பேட்ச்சில் போக வேண்டும். ஒரு முனை மட்டும் எடுக்கப்பட்ட கமிட்டில் யாராவது பைசெக்ட் செய்து நின்றால், இடையில் மட்டும் இருந்த ஒரு பிழையைத் துரத்திக்கொண்டிருப்பார்.